பயணத்தில் மருந்து

முன்னுரை

நம் திருத்தணி பயணிகளின் ஊர். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வருவோர், 365 படிகளை ஏறி மலைக்கோயிலைக் காண்போர், திருப்பதிக்குப் போகும் வழியில் இறங்கிச் செல்வோர் என ஆண்டு முழுவதும் கூட்டந்தான். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வரை ஆந்திர மாநிலத்தில் இருந்த ஊர் இது. ஆகவே நம்மில் பலருக்கு எல்லைக்கு அப்பாலும் உறவினர் உண்டு. அங்கே புறப்படும்போது பட்டுப்பாவாடை முதல் புளிச்சோறு வரை எல்லாவற்றையும் நினைவாக எடுத்து வைக்கிறோம். ஆனால் வீட்டுப் பெரியவர்களின் மருந்தை எப்படி எடுத்து வைக்கிறோம்? இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைக் கூறுகிறேன்.

நான் செய்த பிழை

சென்ற மே மாதம் நெல்லூரில் அத்தை மகளுக்குத் திருமணம். என் பாட்டிக்கு நீரிழிவு நோய். காலையிலும் இரவிலும் உணவுக்கு முன் இன்சுலின் ஊசி போட வேண்டும். மருந்தை எடுத்து வைக்கும் பொறுப்பை அம்மா என்னிடம் விட்டார். இன்சுலின் குப்பி, ஊசி, மருத்துவர் சீட்டு மூன்றையும், "பத்திரமாக இருக்கட்டும்" என்று பட்டுப்புடவைகளுக்கு நடுவே பெரிய பெட்டியில் வைத்தேன். நாங்கள் பேருந்தில் முன்னே சென்றோம். பெட்டிகள் சித்தப்பாவின் வேனில் பின்னே வந்தன. வேன் ஸ்ரீகாளஹஸ்தி அருகே பழுதாகி நின்றுவிட்டது.

இரவு எட்டு மணிக்கு, "கண்ணு, என் மருந்துப் பை எங்கே?" என்று பாட்டி கேட்டபோதுதான் என் நெஞ்சு திக்கென்றது. அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு விரைந்தார். கடைக்காரர் தெலுங்கில் கேட்டார்: "எந்த வகை இன்சுலின்? நாற்பதா, நூறா? சீட்டு எங்கே?" எங்களுக்கு ஒன்றுக்கும் விடை தெரியவில்லை. "ஏதாவது ஒன்று கொடுங்கள்" என்றார் அப்பா. அவர் கொடுக்க மறுத்துவிட்டார். அப்போது எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது.

எங்கள் வீட்டுச் சாவியை வைத்திருந்த பக்கத்து வீட்டு அக்கா, பழைய மருந்து அட்டைப்பெட்டியைப் படமெடுத்துக் கைப்பேசியில் அனுப்பினார். பாட்டியை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று அந்தப் படத்தைக் காட்டினோம். இரவுப் பணியிலிருந்த மருத்துவர் சோதித்தபோது சர்க்கரை மிகவும் ஏறியிருந்தது. ஊசி போட்டுச் சீட்டும் எழுதித் தந்தார். பகலெல்லாம் வேனின் வெப்பத்தில் கிடந்த குப்பியை இனிப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னார். பாட்டி என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

கடைக்காரர் ஏன் மறுத்தார்?

1921ஆம் ஆண்டு கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலில் செலுத்தப்பட்டது. என்னைவிட ஒரு வயது இளையவன்! உயிர் காக்கும் அம்மருந்தே அளவு தவறினால் உயிரைப் பறிக்கவும் கூடும்.

நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் ஒரு மில்லி லிட்டருக்கு 40 அலகு, 100 அலகு என இரு வலிமைகளில் கிடைக்கின்றன. 40க்கு உரிய ஊசிக்குச் சிவப்பு மூடி. 100க்கு உரிய ஊசிக்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி ஊசியில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மில்லி லிட்டர் மருந்து வரும். அதில் 100 வலிமையுள்ள மருந்தை இழுத்துவிட்டால், 20 அலகுக்குப் பதில் 50 அலகு உடலில் ஏறும். இரண்டரை மடங்கு! சர்க்கரை தாழ்ந்து மயக்கமும் உயிராபத்தும் நேரலாம். அந்தக் கடைக்காரர் மறுத்து எங்களுக்கு நன்மையே செய்தார்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். உறைந்துபோனால் பின்னர் உருகினாலும் அது பயன்படாது. எனவே பனிக்கட்டியின்மேல் நேராக வைக்கலாகாது. வெளியூரில் குளிர்பதனப் பெட்டி இல்லையென்றால், நீர் புகாத உறையிலிட்டு, நீர் ஊற்றிய மண்பானைக்குள் வைக்கலாம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. மருந்து கைப்பையில் நம்முடனேயே வரவேண்டும். விமானத்திலும் அப்படியே, பெட்டிகள் ஏற்றும் அறையின் குளிரில் இன்சுலின் உறையக்கூடும்.

2. மருத்துவர் சீட்டின் நகல் ஒன்றைத் தனியே வைக்க வேண்டும். 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 'எச்' அட்டவணையிலுள்ள மருந்துகளைச் சீட்டின்றி விற்கக் கூடாது. இவ்விதி எல்லைக்கு இருபுறமும் ஒன்றே.

3. கம்பெனி வைத்த பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும். பொதுப்பெயரும் நாட்டுக்கு நாடு மாறுவதுண்டு. நாம் பாராசிட்டமால் என்பதை அமெரிக்காவில் அசிட்டமினோபன் என்பர்.

4. மாத்திரைகளைப் பிரித்து ஒரே டப்பாவில் கொட்டக் கூடாது. பெயரும் காலாவதி நாளும் உள்ள அட்டையோடு கொண்டுசெல்ல வேண்டும்.

5. பயண நாட்களைவிடச் சில நாட்களுக்குக் கூடுதலாக எடுத்துச் செல்ல வேண்டும்.

6. வெளிநாடு செல்வோர் அந்நாட்டு விதியை முன்பே அறிய வேண்டும். டிரமடால், கோடீன் போன்ற வலி மருந்துகளுக்கு ஐக்கிய அரபு நாடுகளில் முன்அனுமதி வேண்டும்.

7. அவசர ஊர்திக்குத் தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் 108 என்ற எண்ணே.

முடிவுரை

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து உதவுபவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறார் வள்ளுவர். பயணத்தில் மருத்துவர் உடன் வருவதில்லை. அந்த நான்காமவர் நாமே, தோழியரே! இப்போது எங்கள் வீட்டில் பாட்டியின் மருந்துக்கென்று சிறிய நீலப் பை ஒன்று இருக்கிறது. ஊருக்குப் புறப்படும்போது அது என் தோளில்தான் தொங்கும். பேருந்து நகர்வதற்கு முன், "இருக்கிறதா கண்ணு?" என்று பாட்டி கேட்பார். நான் திறந்து காட்டுவேன்.