உலகப் பொதுமொழி ஆகப்போவது எது?

நம்ம இளைஞர் வகுப்புகள்ல அடிக்கடி கிளம்புற வாக்குவாதம் இது. "இனிமே உலகம் முழுக்க சீன மொழிதான்" என்பார் ஒருவர். "ஆங்கிலத்தை யாரும் அசைக்க முடியாது" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் எழுந்து, "மூத்த மொழி நம்ம தமிழ்தான், அதுதான் வரணும்" என்று முடித்துவிடுவார். கைத்தட்டலும் அவருக்குத்தான் கிடைக்கும். ஆனால் ஒரு மொழி எப்படிப் பொதுமொழி ஆகிறது என்று நாம் கேட்பதே இல்லை. இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

1. அதிகம் பேர் பேசினால் போதுமா?

தாய்மொழியாகப் பேசுவோரை எண்ணினால் மாண்டரின்தான் முதலிடம். ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே நாட்டில் வாழ்கிறார்கள். பொதுமொழி எதற்குத் தேவை? தாய்மொழி வேறுபட்ட இரண்டு பேர் பேசிக்கொள்ளத்தானே? அப்படியென்றால், அதை இரண்டாம் மொழியாகக் கற்றவர்கள் எத்தனை பேர் என்றுதான் பார்க்கணும். ஆங்கிலத்தில் இவர்களின் எண்ணிக்கை, அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்களைவிட மிக அதிகம்.

நமக்குப் பக்கத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. 1928 அக்டோபர் 28 அன்று இந்தோனேசிய இளைஞர்கள் பத்தாவியாவில் கூடி, ஒரே தாயகம், ஒரே இனம், ஒற்றுமைக்கு ஒரே மொழி என்று உறுதிமொழி எடுத்தார்கள். அங்கே அதிகம் பேர் பேசியது ஜாவா மொழி. ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்ததோ மலாய். ஏன்? மலாய் ஏற்கனவே துறைமுகங்களிலும் சந்தைகளிலும் புழங்கிய மொழி. ஜாவா மொழியில் பெரியவரிடம் ஒரு விதமாகவும், நண்பரிடம் வேறு விதமாகவும் பேசணும். வெளியார் கற்பது கஷ்டம். அதோடு, பெரிய இனத்தின் மொழியை வைத்தால் மற்றவர்களுக்கு மனக்குறை வந்திருக்கும். இன்றைக்கு 27 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் அந்த நாட்டை அந்த மொழிதான் இணைக்கிறது.

2. எளிமையாக இருந்தால் போதுமா?

எளிமைதான் முக்கியம் என்றால் எஸ்பெராண்டோ எப்போதோ ஜெயித்திருக்கணும். சாமன்ஹோஃப் என்ற கண் மருத்துவர் 1887இல் அதை வெளியிட்டார். அவர் பிறந்த பியாலிஸ்டோக் நகரில் போலிஷ், ரஷ்யன், யிட்டிஷ், ஜெர்மன் பேசுவோர் தனித்தனிக் கூட்டமாக இருந்தார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு மொழி இருந்தால் பகை குறையும் என்று அவர் நம்பினார். அடிப்படை இலக்கண விதிகள் வெறும் 16. வினைச்சொற்களில் விதிவிலக்கே கிடையாது.

1920களில் சர்வதேச சங்கத்தில் இந்த மொழிக்கு ஆதரவு எழுந்தபோது பிரான்ஸ் கடுமையாக எதிர்த்தது. அப்போது அரசதந்திர மொழியாக இருந்தது பிரெஞ்சு அல்லவா! எஸ்பெராண்டோவை இன்றும் பல நாடுகளில் ஆர்வத்தோடு பேசுகிறார்கள். ஆனால் அதைக் கற்றால் வேலை கிடைக்கும், சரக்கு விற்கும், பட்டம் வாங்கலாம் என்ற நிலை வரவே இல்லை.

3. பழமை இருந்தால் போதுமா?

கிழக்குக் கலிமந்தானின் கூத்தாய் பகுதியில் சமஸ்கிருதத்தில் பொறித்த பழைய யூபக் கற்கள் கிடைத்திருக்கின்றன. இந்தியாவில் இருந்து அவ்வளவு தூரத்தில், அரசர்களுக்கும் அறிஞர்களுக்கும் அது பொதுமொழியாக இருந்தது. பிறகு பலெம்பாங் அருகே கிடைத்த 7ஆம் நூற்றாண்டுக் கெடுக்கான் புக்கிட் கல்வெட்டைப் பாருங்கள்: எழுத்து பல்லவ எழுத்து, மொழியோ பழைய மலாய். மக்களின் மொழி மெல்ல மேலே வருகிறது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். நியூட்டன் 1687இல் பிரின்சிபியாவை இலத்தீனில் எழுதினார். ஒளியைப் பற்றிய நூலை 1704இல் வெளியிட்டபோது ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்.

சரி, தமிழ்? சீனத் தளபதி செங் ஹோ இலங்கையில் நாட்டிய கல்வெட்டு காலியில் கிடைத்தது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அந்தக் கல்லில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். அந்தக் காலத்தில் தமிழ் கடல் வணிக மொழிகளில் ஒன்று என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? மலாயில் நாம் தினமும் கேட்கும் கப்பால், கெடாய், பெத்தி எல்லாம் நம்ம கப்பல், கடை, பெட்டிதான். அந்தச் சொற்களைக் கொண்டுபோனது தமிழின் வயது அல்ல, தமிழ் வணிகர்களின் தொழில். அந்த வணிகம் கைமாறியதும் மொழியின் இடமும் மாறிவிட்டது.

4. அப்படியானால் எது முடிவு செய்கிறது?

அந்த மொழியில் நடக்கும் வேலைதான். பிரிட்டிஷ் ஆட்சி ஆங்கிலத்தை உலகம் முழுக்கப் பரப்பியது. பின்னர் அமெரிக்காவின் தொழில், ஆராய்ச்சி, கணினித்துறை அதை நிலைநிறுத்தின. பொறியியல் மாணவனான நான் பாடப்புத்தகம் படிப்பதும், நிரல் எழுதுவதும் ஆங்கிலச் சொற்களில்தான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் மலாய், சீன நண்பர்களோடு பேசும்போது பாதி மலாய், பாதி ஆங்கிலம், நடுவில் ஒரு 'லா'! வேலை நடந்துவிடுகிறது.

ஆனால் பொதுமொழி இருப்பதாலேயே புரிதல் வந்துவிடாது. 1977 மார்ச் 27 அன்று தெனெரிஃப் விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். டச்சு விமானிகளும் ஸ்பானியக் கட்டுப்பாட்டாளரும் பேசியது ஆங்கிலத்தில்தான். புறப்படுவது பற்றி விமானி சொன்னதை, கட்டுப்பாட்டாளர் வேறு பொருளில் எடுத்துக்கொண்டார். விபத்துக்கு இதுவும் ஒரு காரணம். அதன் பிறகு வானொலியில் பேசும் சொற்றொடர்களைக் கறாராக வரையறுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே பொருள் தருவதுதான் உண்மையான பொதுமொழி.

5. என் கணிப்பு

நம் தலைமுறையில் ஆங்கிலம்தான் தொடரும். ஆனால் அதன் தேவை கொஞ்சம் குறையலாம், காரணம் இயந்திர மொழிபெயர்ப்பு. கைப்பேசியில் நான் தமிழில் பேச, எதிரில் இருப்பவர் கொரிய மொழியில் கேட்கும் காலம் வந்தாச்சு. இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. இந்த இயந்திரங்கள் ஒரு மொழியைக் கற்பது அதில் எழுதிக் குவித்த உரைகளில் இருந்து. ஆங்கிலத்தில் கடல் அளவு இருக்கிறது. தமிழில் அவ்வளவு இல்லை. நாம் தமிழில் எழுதாவிட்டால் இயந்திரமும் தமிழைத் தப்பும் தவறுமாகத்தான் பேசும்.

இன்னொன்று. பொதுமொழி வெளி உலகத்துக்கு. அது வீட்டுக்குள்ளும் நுழைந்தால்தான் சிக்கல். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. இருந்தும், அந்நாட்டு மக்களிடையே வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 2010இல் சுமார் 32 விழுக்காடு. 2020இல் 48 விழுக்காடு. மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் பள்ளி சொல்லித்தருவதை வீடு பேசாவிட்டால் எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஆங்கிலமும் மலாயும் நன்றாகக் கற்போம், அதில் தயக்கமே வேண்டாம். தம்பி தங்கைகளிடம் மட்டும் தமிழில் பேசுவோம். புலனக் குழுவில் தமிழ் எழுத்திலேயே தட்டச்சு செய்வோம்.

கலந்துரையாடலுக்கு:

1. 1928இல் ஜாவா இளைஞர்கள் தங்கள் மொழியை விட்டுக்கொடுத்தது சரியா? நீங்கள் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

2. மொழிபெயர்ப்புக் கருவி நன்றாக வேலை செய்தால், பிற மொழி கற்பது இனியும் தேவையா?

3. உங்கள் வீட்டில் நேற்று எத்தனை மொழி பேசினீர்கள்? எது யாரோடு?