காலிப் பணியிடமும் கடன்தான்

அன்புள்ள கயல்விழி,

அமெரிக்காவில் கேம்டன் என்ற நகரம் 2011 ஜனவரியில் பணமில்லை என்று சொல்லித் தன் காவலர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரையும் தீயணைப்பு வீரர்களில் மூன்றில் ஒரு பங்கினரையும் வேலையை விட்டு நிறுத்தியதைப் படித்துவிட்டு, நம் மாமல்லபுரத்துக்கும் அப்படியொரு நிலை வருமா என்று கேட்டிருக்கிறாய். அதே வடிவத்தில் வராது. அங்கே காவலும் தீயணைப்பும் நகராட்சியின் சம்பளப் பட்டியலில் இருப்பவை. இங்கே இரண்டும் மாநில அரசின் துறைகள். கடன் வாங்குவதற்கும் நம் ஊர்கள் மாநில அரசின் அனுமதியைப் பெற வேண்டும். ஒரு நகராட்சி திவாலாகிவிட்டதென்று நீதிமன்றத்தில் போய் நிற்க நம் நாட்டில் சட்டமே கிடையாது. அதனால் நம்மூர்ப் பற்றாக்குறை தலைப்புச் செய்தியாக வருவதில்லை. ஒரு தூய்மைப் பணியாளர் ஓய்வு பெறுவார், அவருடைய இடத்துக்கு யாரும் வரமாட்டார்கள். பிறகு அந்த இடம் ஒப்பந்தக்காரர் கைக்குப் போகும், அல்லது பட்டியலிலிருந்தே எடுக்கப்பட்டுவிடும். யாரையும் நீக்கியதாகக் கணக்கில் வராது. இப்படிக் காலியாகக் கிடக்கும் இடத்தையும் ஊரின் கடனாகவே எழுத வேண்டும் என்பதுதான் என் வாதம்.

தூய்மைப் பணிக்கும் மக்கள் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்பாய். 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட இரவுக்கு மறுநாள் ஓர் ஊர் எழுந்து நடப்பதற்குக் காவலரும் தீயணைப்பு வீரரும் மட்டும் போதாது. விழுந்த மரத்தை அறுத்துத் துண்டு துண்டாக அள்ள ஆள் வேண்டும்; வடிகாலில் அடைத்த இலையையும் பிளாஸ்டிக்கையும் மண்வெட்டியால் இழுத்து வெளியே போட ஆள் வேண்டும்; குடிதண்ணீரில் குளோரின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; ஒரு வாரம் கழித்து வீடு வீடாகப் போய்த் தொட்டியில் கொசுப்புழு தேட வேண்டும். எந்தத் தெருவில் எந்த வடிகால் எங்கே அடைக்கும் என்பது இருபது வருடம் அதே தெருவில் வேலை பார்த்தவருக்குத் தெரியும். அந்த அறிவு எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அவர் போனால் அதுவும் போய்விடும். வட்டியைக்கூட ஒரு தொகையாகச் சொல்லிவிடலாம், இந்த இழப்பைச் சொல்ல முடியாது.

மாமல்லபுரம் ஏழை ஊரா? 1984 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். 2021-22இல் இந்தியத் தொல்லியல் துறையின் கட்டண நினைவுச் சின்னங்களில் வெளிநாட்டார் மிக அதிகமாக வந்தது தாஜ் மகாலுக்கு அல்ல, இங்கேதான். கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதத்தையும் பார்க்க இந்தியர் 40 ரூபாயும் வெளிநாட்டார் 600 ரூபாயும் கொடுத்துச் சீட்டு வாங்குகிறார்கள். அந்தப் பணம் மத்திய அரசுக்குப் போகிறது. விடுதி அறைக்கு அவர்கள் கட்டும் ஜிஎஸ்டி மத்திய, மாநில அரசுகளுக்குப் போகிறது. மத்திய அரசின் சொத்துக்கு உள்ளூர் வரி போட முடியாதென்று அரசியலமைப்பின் 285ஆம் பிரிவு சொல்கிறது. 2010இல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டப்படி சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வாங்க வேண்டும். சிற்பங்களைக் காக்க அது தேவைதான், எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் சொத்து வரி தரக்கூடிய நிலம் அதனால் குறைகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வந்தவர்கள் விட்டுப்போகும் குப்பை மட்டும் முழுக்க ஊருக்கே. 2011 கணக்கெடுப்பில் 15,000 சொச்சம் பேர் இருந்த ஊர், தன் மக்கள்தொகைக்குப் பொருந்தாத பாரத்தைத் தூக்குகிறது. 2019இல் மோடியும் சீ ஜின்பிங்கும் சந்தித்தபோதும், 2022இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோதும் மேலேயிருந்து பணம் வந்து சாலையும் விளக்கும் பளிச்சென்று ஆயின. விழா முடிந்த பிறகு அந்த விளக்கைப் பழுது பார்க்கும் செலவு ஆண்டுதோறும் வரும், அதற்குத் தனியாக யாரும் பணம் அனுப்புவதில்லை.

அப்படியானால் வரியை உயர்த்த வேண்டியிருக்கும், அது மக்கள் தலையில்தானே விழும் என்று உன் தோழி சொன்னாளாம். அவள் பயம் நியாயமானது. ஆனால் பயத்தால் தள்ளிப்போட்டதன் விளைவைப் பார். சென்னையில் 1998க்குப் பிறகும் மற்ற ஊர்களில் 2008க்குப் பிறகும் 2018 வரை சொத்து வரி மாற்றப்படவில்லை. 2018இல் உயர்த்தினார்கள், 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியபோது, நிறுத்திவைத்தார்கள். கடைசியில் 2022இல் 25 முதல் 150 சதவீதம் வரை ஒரேயடியாக ஏறியது. பத்து ஆண்டுகள் சிறிது சிறிதாக ஏறியிருந்தால் யாருக்கும் மூச்சு முட்டியிருக்காது. இடையில் 2016 முதல் 2022 வரை நகர உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. அதைக் காட்டி மத்திய மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. வரியும் நிலையாக ஏறாமல், மானியமும் வராமல் போன அந்த ஆண்டுகளில் எந்தச் செலவைக் குறைத்திருப்பார்கள்? சத்தம் போட வலுவில்லாதவரின் வேலையைத்தான்.

ஒப்பந்த முறை மலிவு, திறமையானது என்போரும் உண்டு. வண்டி, இயந்திரம் வாங்கி ஓட்டுவதில் தனியார் வேகமானவர்கள் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் மலிவு எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். 2022இல் வந்த 152ஆம் எண் அரசாணை, மாநகராட்சிகளில் பல நிரந்தரப் பணியிடங்களை அவுட்சோர்சிங்குக்கு மாற்றியதை ஊழியர் சங்கங்கள் எதிர்த்தன. 2025 ஆகஸ்டில் சென்னையின் இரண்டு மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் கொடுத்தபோது, தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். கூலி குறையும், வேலை நிலைக்காது என்பதே அவர்கள் சொன்னது. குப்பை அள்ளுபவரின் கூலியில் கழித்து எடுப்பதைச் சிக்கனம் என்று என்னால் எழுத முடியாது. நகராட்சி கட்ட வேண்டியதை அவர் குடும்பம் கட்டுகிறது, அவ்வளவுதான்.

இதற்காகக் கடனே கூடாது என்ற முடிவுக்கு வந்துவிடாதே. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஆலந்தூர், பாதாளச் சாக்கடைக்காகக் கடன் வாங்கியது. அதற்கு முன் வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்டது. மாதக் கட்டணம் எவ்வளவு என்பதையும் சொன்னது. குழாய் பதிக்கும் முன்பே மக்கள் நம்பிப் பணம் கட்டினார்கள். சென்னை மாநகராட்சி 2025இல் சுமார் 200 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் விட்டதும் கொசஸ்தலையாற்றுப் படுகை மழைநீர் வடிகாலுக்காகத்தான். ஐம்பது வருடம் இருக்கப்போகும் வடிகாலுக்கு இன்றைய ஆளும் நாளைய ஆளும் பகிர்ந்து பணம் கட்டுவது நியாயம். இந்த மாதச் சம்பளத்துக்குக் கடன் வாங்குவது அப்படியல்ல. நியூயார்க் 1975இல் விழுந்த பள்ளம் அதுதான்: அன்றாடச் செலவைக் கடனில் ஓட்டி, வங்கிகள் கைவிரித்ததும் ஆயிரக்கணக்கான காவலர்களை நிறுத்தியது.

ஊழல் நிறைந்த நகராட்சிகளுக்கு இன்னும் பணமா என்பதுதான் கடினமான கேள்வி. ஊழல் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பணம் எங்கிருந்தோ வரும்போது ஊரார் கணக்குக் கேட்பதில்லை, தாங்களே கட்டிய பணமென்றால் கேட்கிறார்கள். சுற்றுலா வருவாயில் மாமல்லபுரத்துக்குச் சட்டப்படி ஒரு பங்கு வர வேண்டும், மானியமாக அல்ல, உரிமையாக. 2024இல் நகராட்சியாக உயர்த்தப்படுவதாக அறிவிக்கப்பட்ட ஊர் இது. பெயர்ப்பலகை மாறியதோடு நின்றுவிடக் கூடாது. அடுத்த வரவு செலவுத் திட்டம் வந்ததும் பிரதி வாங்கு, கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப்போடு. கடன் பக்கத்துக்குப் போகும் முன், அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை என்று பார். முந்தைய ஐந்து ஆண்டுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையே குறைந்திருந்தால் எந்த அரசாணையால் குறைந்தது என்று தேடு. கிடைத்ததை எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தப்பா