ஊசி எந்த வலிக்கு உதவும், எதற்கு உதவாது?



சம்பா நடவு முடிந்த நேரம். ஒரத்தநாடு பக்கம் ஒரு குழுக் கூட்டம். உள்கடன் விண்ணப்பத்தில் ஒரு அக்கா 6,000 ரூபாய் கேட்டிருந்தார். காரணம் ‘மருத்துவம்’. என்ன மருத்துவம் என்று ஊக்குநர் கேட்டதும், “இடுப்பு வலிக்கு அக்குபஞ்சர் பாக்குறேன். பத்து தடவை வரச் சொல்லியிருக்காங்க. சக்கரையும் அதுலயே போயிடுமாம், மாத்திரையை விட்டுடச் சொன்னாங்க” என்றார். மாத்திரையை விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. வரப்பில் கிழித்த கால் புண் ஆறவே இல்லை.

உடனே குழு இரண்டு கட்சி ஆகிவிட்டது. “எல்லாம் ஏமாத்து வேலை” என்றது ஒரு பக்கம். “எங்க மாமியாருக்கு தலைவலி அதுலதான் நின்னுச்சு” என்றது இன்னொரு பக்கம். எங்களுக்கும் அன்றைக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. அதன்பிறகு ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று தேடிப் படித்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில், ஒரு சிகிச்சை வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் புது ரகத்தை விடும் முன்னால், பழைய ரகத்தையும் பக்கத்திலேயே நட்டு, ஒரே தண்ணீர், ஒரே உரம் கொடுத்து மகசூலை ஒப்பிடுவார்கள். அதேபோலத்தான் இதுவும். ஒரு பகுதி நோயாளிகளுக்கு உண்மையான ஊசி. இன்னொரு பகுதிக்குப் பொய் ஊசி, அதாவது தோலில் இறங்காத ஊசி, அல்லது சம்பந்தமில்லாத இடத்தில் குத்துவது. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. இப்படிச் செய்யாவிட்டால் நாம் ஏமாந்து போவோம். ஏனென்றால் நடவு முடிந்தாலே இடுப்பு வலி பாதி தானாகக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் எதைச் செய்திருந்தாலும் அதற்குத்தான் பெயர்!

ஒற்றைத் தலைவலிக்குச் சான்று ஓரளவு நன்றாகவே இருக்கிறது. 2016இல் 22 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 5,000 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மாதம் 6 நாள் தலைவலி வருபவர்களுக்கு, வழக்கமான சிகிச்சையில் அது 5 நாள் ஆனது. பொய் ஊசியில் 4 நாள். உண்மை ஊசியில் மூன்றரை நாள். கவனித்தீர்களா, பொய் ஊசியிலேயே இரண்டு நாள் குறைந்துவிட்டது. உண்மை ஊசி அதற்கு மேல் கொடுத்தது அரை நாள்தான். அந்த மாமியார் சொன்னது பொய்யில்லை.

நாள் முழுக்கக் குனிந்து நடுகிற நமக்கு முக்கியம் இடுப்பு வலி. 2020இல் 33 ஆய்வுகள், 8,000க்கும் மேற்பட்ட ஆட்களை வைத்துப் பார்த்ததில், சும்மா இருப்பதைவிட ஊசி போட்டவர்களுக்கு வலி குறைந்தது. ஆனால் பொய் ஊசியோடு ஒப்பிட்டால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மூட்டு வலியிலும் கிடைக்கும் பலன் சிறியது. ஆபரேஷனுக்குப் பின் வரும் வாந்தி குமட்டலுக்கு மட்டும், மணிக்கட்டுக்குச் சற்று மேலே உள்ள ஒரு புள்ளியைத் தூண்டினால் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன.

நாம் வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒன்றும் உண்டு. இருமினால், தும்மினால், நாற்றுக்கட்டைத் தூக்கினால் சிறுநீர் கசிவது. 2017இல் சீனாவில் 504 பெண்களிடம் செய்த ஆய்வில், கீழ்முதுகில் ஊசி போட்டு லேசான மின்சாரம் கொடுத்தபோது, பொய் ஊசியைவிடக் கசிவு நன்றாகக் குறைந்தது. அதற்காக உடனே ஓட வேண்டாம். சிறுநீரை அடக்குவது போல அடித்தசையை இறுக்கி விடும் பயிற்சிதான் முதல் சிகிச்சை, காசும் செலவில்லை. அரசு மருத்துவமனை பிசியோதெரபி பிரிவில் கேளுங்கள்.

பிள்ளைப் பேறுக்கு? சினைப்பை நீர்க்கட்டி உள்ள 1,000 பெண்களிடம் சீனாவிலேயே ஆய்வு நடந்தது. ஊசியால் பிள்ளை பெற்றவர்கள் எண்ணிக்கை கூடவில்லை என்று 2017இல் வெளியிட்டார்கள். இதற்காகத் தாலிக்கொடியை அடகு வைக்காதீர்கள்.

சர்க்கரை, பிரஷர், வலிப்பு, காசநோய் இவற்றுக்கு மாத்திரைக்குப் பதிலாக ஊசி போதும் என்று காட்டும் நம்பகமான ஆய்வு கிடையாது. பிரசவம் அதைவிட ஆபத்து. 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரம் நேமத்தில், மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் தாயும் குழந்தையும் இறந்தார்கள். கணவரும், அக்குபஞ்சர் செய்தவரும் கைதானார்கள்.

“உலக சுகாதார நிறுவனமே ஒத்துக்கொண்ட நோய்கள்” என்று சில போர்டுகளில் நீளப் பட்டியல் இருக்கும். அது 2003இல் வந்தது. அதற்கு எடுத்துக்கொண்டது 1990களின் இறுதி வரை நடந்த ஆய்வுகளை. மேலே நாங்கள் சொன்னவை எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

போவதாக இருந்தால், உங்கள் கண் முன்னே புது ஊசிப் பாக்கெட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். பழைய ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றலாம். யோகா – இயற்கை மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர்கள் பாடத்திட்டத்திலேயே அக்குபஞ்சரைப் படிக்கிறார்கள். சில அரசு மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். மாத்திரையை விடு என்று யார் சொன்னாலும், அதை எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் விடக்கூடாது.

அந்த அக்காவை மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. கடன் விண்ணப்பத்தைக் குழு தள்ளிவிடவில்லை. மாத்திரையை மறுபடி தொடங்க வேண்டும், நாலு தடவை ஊசி போட்டும் வலி குறையாவிட்டால் நிறுத்திவிட வேண்டும் என்று தீர்மான நோட்டில் எழுதி 2,400 ரூபாய் கொடுத்தார்கள். இப்போது ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர், அவரும் ஒரு குழுப் பெண்தான், வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார். புண் ஆற இரண்டு மாதம் ஆனது. இடுப்பு வலி பாதி குறைந்துவிட்டது என்கிறார். ஊசியாலா, நடவு முடிந்ததாலா என்று எங்களால் சொல்ல முடியவில்லை.