கடல் வாயிலின் காவலன்



வீட்டிற்கு வாயில் உண்டு. நாட்டிற்கும் வாயில் உண்டு. தீவு நாடாகிய சிங்கப்பூருக்குக் கடலே பெருவாயில். சிராங்கூன் சாலைக் கடைகளில் குவிந்து கிடக்கும் பருப்பும் மிளகாயும் அக்கடல் வழியே கப்பலேறி வந்தவையே. அவ்வாயிலைக் காப்பது போலீஸ் கடலோரக் காவற்படையாகும்.

1924ஆம் ஆண்டில் கடற்போலீஸ் என்னும் பெயரில் அமைந்த இப்படை, 1993இல் இன்றைய பெயரைப் பெற்றது. இதன் தலைமையகம் பிரானித் தீவில் உள்ளது. இதன் ரோந்துப் படகுகளுள் 'சுறா' வகையைச் சேர்ந்தவை 2009இல் பணியேற்றன. அவை 35 மீட்டர் நீளம் உடையவை.

ரோந்துப் படகு எவ்வாறு பணிபுரிகிறது? கரையிலுள்ள ரேடார் கருவிகளும் கேமராக்களும் இரவும் பகலும் கடலைக் கண்காணிக்கின்றன. ஐயத்திற்குரிய படகு தென்பட்டால், வானொலிக் கருவி வழியே ரோந்துப் படகிற்குச் செய்தி செல்லும். அது விரைந்து சென்று, விளக்கொளி பாய்ச்சி, ஒலிபெருக்கியால் நிற்குமாறு ஆணையிடும். பின்னர்க் காவலர்கள் ஆட்களையும் சரக்கையும் சோதிப்பர்.

இப்படகின் கடமைகள் நான்கு:
1. அனுமதியின்றி நுழைவோரைத் தடுத்தல்.
2. கடத்தற் பொருள்களைப் பிடித்தல்.
3. கடற்கொள்ளையை ஒடுக்குதல்.
4. கடலில் தத்தளிப்போரைக் காத்தல்.

பெற்றோர்களே! தோட்டத் தொழிலாளத் தோழர்களே! முதற்கடமை நமக்கும் ஒரு பாடமாகும். ஜோகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரே. இக்குறுகிய நீரிணையைக் கண்டு, "இரவிலே படகில் கடந்துவிடலாம், வேலை காத்திருக்கிறது" என ஆசை காட்டும் தரகரை நம்பாதீர். காவற்படகைக் கண்டதும், நீந்தத் தெரியாதவரையும் கடலில் குதிக்கச் சொல்லும் படகோட்டிகள் உண்டு. பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை. 50 வயதைக் கடவாத ஆடவர்க்குக் குறைந்தது 3 பிரம்படி. தரகருக்குக் கொடுத்த பணமும் திரும்பாது. கடப்பிதழும் வேலை அனுமதியும் பெற்று, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியே பகலில் தலைநிமிர்ந்து செல்வதே நன்று.

எனினும், நீரில் மூழ்குபவன் யாராயினும் காவலர்கள் முதலில் அவனைக் கரை சேர்ப்பர், விசாரணை பின்னரே. சட்டத்தைக் காக்கும் கையே உயிரையும் காக்கிறது. கண்டிப்பும் கருணையும் ஒருங்கே அமைவதே கடமையின் சிறப்பு என்பதை உணர்ந்து நடப்போமாக!

வினாக்கள்:
1. ரோந்துப் படகின் நான்கு கடமைகள் யாவை?
2. தரகரை நம்பிக் கடல் கடப்பதால் விளையும் தீங்குகள் யாவை?