வண்டியை அப்புறம் வாங்கலாம், இடத்தை முதலில் பிடியுங்கள்

கேரவன் என்றால் நம்மூரில் ஷூட்டிங் ஸ்பாட்தான் ஞாபகம் வரும். ஊட்டியில் எங்காவது ஹீரோவின் கேரவன் நிற்கும், பக்கத்தில் ஜெனரேட்டர் உறுமும், படப்பிடிப்பு முடிந்தால் இரண்டும் கிளம்பிவிடும். நான் சொல்லப்போவது அந்தக் கேரவனைப் பற்றி அல்ல. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய டெம்போ டிராவலரையோ டாடா விங்கரையோ வாங்கி, சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்டு, மாதம் இருபதாயிரத்துச் சொச்சம் வருமானத்தில் நீலகிரியிலேயே குடியிருக்க முடியுமா என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன். லேப்டாப்பில் வேலை செய்கிறவர்கள், கல்யாண போட்டோகிராபர்கள், சீசனுக்கு மட்டும் ரிசார்ட் வேலைக்கு வருகிறவர்கள் என்று பலரும் இதைக் கேட்கிறார்கள்.

முடியும். ஆனால் எல்லோரும் பழைய வண்டி விளம்பரம் பார்ப்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். அது கடைசி வேலை.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகளை நினைத்துப் பாருங்கள். அறுவடை முடிந்த வயல்களைத் தேடி ஆடுகளோடு தஞ்சை வரைக்கும் நடப்பார்கள். ராத்திரி கிடை போட இடம் கொடுக்கும் வயல்காரர் வாடகை கேட்பதில்லை, அவரே கீதாரிக்குக் காசோ நெல்லோ கொடுப்பார். ஆட்டுப் புழுக்கை அவர் நிலத்துக்கு உரம். வீடில்லாமல் ஊர் ஊராகப் போகும் பிழைப்பை நம்மூரில் இவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. அமெரிக்காவில் வேனில் வாழும் முதியவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் 2017-ல் எழுதிய ‘நோமேட்லேண்ட்’ புத்தகத்திலும் இதே கதைதான். அமேசான் கிடங்கில் பண்டிகைக் கால வேலை, கோடையில் முகாம் பராமரிப்பு என்று அந்த முதியவர்கள் வேலை இருக்கும் இடத்துக்கு வண்டியை ஓட்டிப்போகிறார்கள். அங்கே தண்ணீரும் மின்சாரமும் கொடுத்து வண்டி நிறுத்த விடும் முகாம்கள் ஏராளம். கேரளம் 2021-ல் ‘கேரவன் கேரளா’ என்று திட்டம் போட்டது, ஆனால் அது சுற்றுலாக்காரர்களுக்கானது. நீலகிரியில் குடியிருக்க வருகிறவர் தன் இடத்தைத் தானே பேசிப் பிடிக்க வேண்டும். அப்படிப் பேசும்போது நிலக்காரருக்கு நீங்கள் போடும் உரம் எது?

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேக்காரரிடம் நான் பேசியது இது.

“வண்டி நிறுத்த மாசம் எவ்வளவுங்கண்ணா?”

“காசு கெடக்கட்டும் தம்பி. திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் இங்க ஈ காக்கா இருக்காது. ராத்திரி கேட்டைப் பூட்டணும், ரெண்டு நாய்க்குச் சோறு வைக்கணும், புக்கிங் போன் வந்தா எழுதி வைக்கணும். ஆகுமா?”

“ஆகுங்கண்ணா.”

“கரண்டுக்கு மட்டும் கொடுத்துருங்க.”

இப்படி அமைவது அதிர்ஷ்டம் இல்லை, நான்கைந்து பேரிடம் கேட்டால் ஒருவரிடம் அமையும். ஹோம்ஸ்டே, சிறு தேயிலைத் தோட்டம், பூட்டிக் கிடக்கும் வெளியூர்க்காரர் பங்களா, இந்த மூன்றிலும் ஆள் இருப்பதற்கே மதிப்பு உண்டு. போட்டோ எடுத்துக் கொடுப்பது, ஆன்லைன் புக்கிங் பார்ப்பது, ஜிஎஸ்டி கணக்கு எழுதுவது எல்லாம் உரம்தான். பேசியதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எத்தனை மாதம், எந்தக் கழிப்பறை, எந்தக் குழாய், விருந்தினர் வந்தால் வண்டி எங்கே நகரும் என்பது வரை எழுதுங்கள். பக்கத்துக் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். தனியாக இருக்கும் பெண்கள், குடும்பம் குடியிருக்கும் முற்றத்தை மட்டும் தேர்ந்தெடுப்பது நல்லது.

நிற்கவே கூடாத இடங்களும் உண்டு. பைக்காரா ரோட்டோரம், சோலையை ஒட்டிய வியூ பாயின்ட், எஸ்டேட் ரோடு எல்லாம் பகலில் சொர்க்கம் மாதிரி இருக்கும். வனத்துறை நிலத்தில் ராத்தங்கினால் அபராதம், எஸ்டேட் ரோடு தனியார் சொத்து. அதைவிடப் பெரிய விஷயம் கரடி. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எண்ணெய் வாசனைக்குக் கரடி கதவை உடைத்துக் கோயிலுக்குள்ளும் கடைக்குள்ளும் போகிறது. டிராவலரின் தகரக் கதவு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நல்லெண்ணெய், நெய், வெல்லம் எதையும் வண்டியில் திறந்து வைக்காதீர்கள். இடம் பார்க்கப் போகும்போது நிலக்காரரிடம் கேட்பதோடு, பக்கத்து எஸ்டேட் லயன் வீட்டுப் பெண்களிடமும் “இங்க கரடி, காட்டுமாடு எந்தப் பக்கம் இறங்குதுங்கக்கா?” என்று கேளுங்கள். கையை நீட்டிச் சரியான வழியைக் காட்டுவார்கள்.

ஒரே இடத்தில் பன்னிரண்டு மாதம் நிற்க முடியாது. இந்த மலைக்கு இரண்டு மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி, எமரால்டு என்று மேற்குப் பக்கத்தை அடிக்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மாதங்களில் கிழக்கே கோத்தகிரியில் மழை எவ்வளவோ குறைவு. அக்டோபர் பிறந்தால் தலைகீழ். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் இறங்கும். 2009 நவம்பரில் மண்சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இந்த மழையில்தான். அதே நவம்பரில் ஊட்டியில் உறைபனியும் ஆரம்பித்துவிடும்.

என் கணக்கு இப்படி: மழை ஆரம்பித்ததும் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கோத்தகிரி. அக்டோபர், நவம்பர், டிசம்பரில் மலையை விட்டு இறங்கி மேட்டுப்பாளையம், காரமடைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. ஜனவரியிலிருந்து மார்ச் வரை குன்னூர். அது சுமார் 1,850 மீட்டர், 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டி அளவுக்குப் பனி கடிக்காது. ஏப்ரல், மே சீசனுக்கு ஊட்டி. ஊட்டியிலிருந்து குன்னூர் 20 கிலோமீட்டருக்குள், கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். வருஷத்துக்கு நான்கு முறைதான் வண்டி ஊர் மாறுகிறது. ஊர் சுற்றும் ஆசையில் வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் பழைய வண்டி பிழைப்பதும் கையில் காசு தங்குவதும் நகராமல் இருப்பதால்தான். மற்ற நாட்களில் அரசு பஸ் இருக்கிறது. மே மாதம் மலர்க் கண்காட்சி சமயத்தில் பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு ஊட்டி டவுனுக்குள் போகிறவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

இனி வண்டிக்கு வருவோம். நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டியாகவே தேடுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது, 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். டிஎன் 43-க்கு அந்தத் தொல்லை இல்லை. கோவையில் வாங்கி இங்கே முகவரி மாற்றினாலும் மாநிலத்துக்குள் நம்பர் மாறாது என்பது பலருக்கு வாங்கிய பிறகே தெரிகிறது. மலையில் ஓடிய வண்டி என்பதால் கிளட்ச் பிளேட்டையும் பிரேக் டிரம்மையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பெயின்ட் பளபளப்பு எனக்கு எப்போதும் சந்தேகம் தரும் விஷயம், அடியில் துருவைத் தேடுங்கள்.

பழைய டிராவலர்கள் பெரும்பாலும் மஞ்சள் போர்டு. பெர்மிட்டை ஒப்படைத்துச் சொந்த உபயோகத்துக்கு மாற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி அனுமதியில்லாமல் வண்டி அமைப்பை மாற்றக் கூடாது. மோட்டார் கேரவனுக்கென்று ஏஐஎஸ் 124 என்ற தனித் தரநிலையே உண்டு. கட்டில் அடிக்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு, ஆர்சி புத்தகத்தில் ஏற்றுவதற்கு என்ன வழி என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆர்சியில் ஒன்று, வண்டியில் ஒன்று என்றிருந்தால் விபத்து நடந்த அன்று இன்ஷூரன்ஸ் கையை விரிக்கும். சொந்த வண்டியானால் 15 வருஷம் முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். காருக்கும் வேனுக்கும் 2022 ஏப்ரல் முதல் ரூ.5,000, இருபது வருஷம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டிலிருந்து ரூ.10,000. பசுமை வரி தனி.

உள்ளே எவ்வளவு இடம் போதும் என்று கவலைப்படுகிறவர்கள், பரமத்தி வேலூரைச் சேர்ந்த வடிவமைப்பாளர் அருண் பிரபு ஆட்டோ ரிக்‌ஷா மேல் கட்டிய வீட்டின் படங்களைத் தேடிப் பாருங்கள். 36 சதுர அடியில், சுமார் ஒரு லட்சம் ரூபாய் செலவில் சமையல், படுக்கை, கழிப்பறை எல்லாம் வைத்தார். 2021-ல் ஆனந்த் மஹிந்திரா அதைப் பகிர்ந்து நாடு முழுக்கப் பேச்சானது. ஆனால் அதில் இருப்பது மாதிரி கூரை மேல் தண்ணீர்த் தொட்டி மலைக்கு ஆகாது. 200 லிட்டர் என்றால் 200 கிலோ. கொண்டை ஊசி வளைவில் அந்த எடை உச்சியில் இருந்தால் வண்டி சாய்வதை உடம்பிலேயே உணர்வீர்கள். தொட்டி கீழே இருக்கட்டும், மலை ஏற இறங்கும் அன்று காலியாக இருக்கட்டும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இறங்கும் வழியில் பிரேக் வாடை வந்தால் ஓரங்கட்டி அரை மணி நேரம் நில்லுங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோடு 36 வளைவு, இந்த வண்டிக்கு அந்தப் பக்கமே வேண்டாம்.

குளிரை யாரும் ஒழுங்காகச் சொல்லித் தருவதில்லை. காலை ஐந்து மணிக்கு முகத்தில் சொட்டு விழுந்து விழிப்பீர்கள். மழை இல்லை, ராத்திரி முழுக்க நீங்கள் விட்ட மூச்சும் நேற்று வடித்த சோற்றின் ஆவியும் தகரக் கூரையில் நீராகி உங்கள் மேலேயே விழுகிறது. போர்வை ஈரம், மெத்தையின் அடி ஈரம், இரண்டு வாரத்தில் பூஞ்சணம். தேங்காயெண்ணெய் பாட்டிலில் வெள்ளையாய்க் கல்லாகி நிற்கும். இதற்குப் பயந்து ஜன்னலை இறுக்கி மூடுகிறார்கள், அது இன்னும் கெடுதல். இரண்டு ஜன்னலையும் ஒரு விரற்கடை திறந்து வைத்து, ஒரு கம்பளி கூடுதலாகப் போர்த்துங்கள். கட்டிலுக்கு அடியில் காற்றுப் போக மரச்சட்டம் அடியுங்கள். கரியடுப்பை மட்டும் எந்தக் காரணத்துக்கும் உள்ளே கொண்டுவராதீர்கள். மூடிய அறையில் கரி மூட்டித் தூங்கியவர்கள் எழுந்திருக்காத சம்பவங்கள் மலையூர்களில் நடந்திருக்கின்றன. வேன் அந்த அறையை விடச் சின்னது.

உறைபனி பள்ளத்தில்தான் தங்கும். ஊட்டியில் தலைக்குந்தா, காந்தல், ரேஸ்கோர்ஸ் புல்வெளி வெள்ளையாக இருக்கும்போது பாதி மேட்டில் இருக்கும் வீட்டு முற்றத்தில் பனியே இருக்காது. மேட்டில், கிழக்கே வெயில் விழும் பக்கம் நிறுத்தினால் காலையில் பேட்டரியும் மக்கர் செய்யாது.

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும், அதற்கு முகவரிச் சான்று கேட்பதில்லை. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கும் கீழேயே கொதித்துவிடும் என்பதால் பருப்பு திறந்த பாத்திரத்தில் வேகாது. குக்கர் கட்டாயம். கழிவறைத் தொட்டியை நிலக்காரரின் செப்டிக் டேங்கில்தான் கொட்ட வேண்டும், ஓடையில் அல்ல. குன்னூர் ஓடையில் கொட்டியது மேட்டுப்பாளையத்தில் பவானிக்குப் போய்விடும். டிசம்பரில் நீங்கள் குடிக்கப்போவதும் அதே தண்ணீர்.

பணக் கணக்குக்கு ஓர் உதாரணம் போடுவோம். வருமானம் ரூ.22,000. இடமும் கரண்டும் 3,500. ஊர் மாறுவது நான்கு முறைதான் என்றாலும் சில்லறை ஓட்டத்தையும் சேர்த்துத் தாராளமாக மாதம் சராசரி 200 கிலோமீட்டர், லிட்டருக்கு 8 என்றால் 25 லிட்டர் டீசல், லிட்டர் ரூ.95 வீதம் 2,375. கேஸ் 600, சாப்பாடு 6,000, இரண்டு கம்பெனி சிம் 800. இன்ஷூரன்ஸ், வரிக்கு ஒதுக்குவது 1,500. ரிப்பேர் உண்டியல் 3,000. மிச்சம் 4,225. ரிப்பேர் உண்டியலைத் தொடாதீர்கள், கிளட்ச் ஒரே நாளில் அதைக் காலி செய்யும். ஒரு ரூம் வாடகைக்கு எடுத்தால் இதைவிட மிச்சமாகாதா என்றால், சில ஊர்களில் ஆகும். வாடகை மிச்சம் என்பதற்காக மட்டும் இதில் இறங்குகிறவரை நான் தடுப்பேன். வேலையைத் தேடி வருஷத்தில் நான்கு ஊருக்கு மாறும் அவசியம் இருப்பவருக்குத்தான் இந்தக் கணக்கு ஒத்துவரும்.

அந்த வேலையும் இரண்டு காலில் நிற்க வேண்டும். ஒன்று நெட்டில் வருவது: மொழிபெயர்ப்பு, டியூஷன், எடிட்டிங், மெடிக்கல் கோடிங். இன்னொன்று கையால் செய்வது, ஏப்ரல்-மே சீசனிலும் செப்டம்பர்-அக்டோபர் இரண்டாம் சீசனிலும் ஹோம்ஸ்டே, கண்காட்சி ஸ்டால், போட்டோ வேலை. இரண்டாம் சீசனுக்கு வண்டி வேண்டாம், அது செப்டம்பரில் கோத்தகிரியிலும் அக்டோபரில் கீழே தோப்பிலும் நிற்கட்டும், நீங்கள் பஸ் ஏறுங்கள். மழை நாளில் கரண்டும் டவரும் சேர்ந்தே போகும். சோலார் பலகையை நம்பாதீர்கள், மூடுபனி வாரத்தில் அது அலங்காரம். 100 ஆம்பியர்-ஹவர் லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், லேப்டாப் எட்டு மணி நேரம் ஓடினாலே அதில் பெரும்பங்கு தீரும்.

வாங்கும் முன் ஒரு சோதனை. ஜூலையில், யாரிடமாவது ஒரு வேனைப் பத்து நாளுக்குக் கேட்டு வாங்கி, நீங்கள் பேசி வைத்த அதே முற்றத்தில் நிறுத்தித் தங்குங்கள். வேலையையும் அங்கிருந்தே செய்யுங்கள். தினமும் எத்தனை மணி நேரம் சிக்னல் இருந்தது, எத்தனை துணி காய்ந்தது என்று எழுதுங்கள். நான் அப்படித் தங்கியபோது ஏழாம் நாள் வரை ஒரு சட்டைகூடக் காயவில்லை. எட்டாம் நாள் ஹோம்ஸ்டேக்காரர் மனைவி, சமையலறை விறகடுப்புக்கு மேலே இருந்த கொடியில் பாதியை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார்.

“நாய்க்கு இன்னைக்கும் சோறு வெச்சிட்டீங்களா தம்பி?” என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.