சோறு தொண்டையில் நின்றால் நாளைக் கடத்தாதீர்கள்



எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் வாழ்க்கைப்பட்ட மகளிடம் போயிருந்தார். முதலில் ரொட்டி இறங்கவில்லை. பிறகு சோறும் இறங்கவில்லை. "கத்தி பட்டா ஒடம்பெல்லாம் பரவிடும்" என்று ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தார். மகள் விடவில்லை. கமரா விட்டுப் பார்த்ததில் உணவுக்குழாயில் புற்றுநோய் என்று தெரிந்தது. நல்ல காலம், வேறெங்கும் பரவவில்லை. ஒப்பரேசன் நடந்தது. இன்று அளவாகச் சாப்பிட்டு நடமாடுகிறார்.

கத்தி பட்டுப் பரவும் என்ற பேச்சு லயங்களில் நாம் அடிக்கடி கேட்பதுதான். அது சரியல்ல. நாளைக் கடத்துவதால்தான் நோய் பரவுகிறது. 1881இல் வியன்னாவில் டாக்டர் பில்ரோத் இரைப்பைப் புற்றுநோயை முதன்முதலாக வெற்றிகரமாக வெட்டி எடுத்தார். நோய் ஏற்கெனவே பரவியிருந்ததால் அந்தப் பெண் சில மாதங்களே வாழ்ந்தார். 1913இல் நியூயோர்க்கில் டாக்டர் டொரெக் உணவுக்குழாய்ப் புற்றுநோயை அகற்றிய பெண்ணோ பத்து வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்.

உணவுக்குழாய் சுமார் 25 சென்ரிமீற்றர் நீளமானது. நோயுள்ள பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய்போல் ஆக்கி மேலே இழுத்துத் தைப்பார்கள். இரைப்பையில் நோய் என்றால் அதில் பாதியையோ முழுவதையுமோ எடுத்து, மிச்சத்தைக் குடலோடு இணைப்பார்கள். இது பெரிய ஒப்பரேசன். தையல் கசியலாம், நெஞ்சில் சளி கட்டலாம். ஆகவே பீடி, சிகரெட்டை முன்பே நிறுத்த வேண்டும். நோய் பரவியிருந்தால், சாப்பாடு இறங்க உள்ளே சிறு குழாய் வைப்பார்கள்.

ஒப்பரேசனுக்குப் பிறகு கவனிக்க வேண்டியவை:

1. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளைக்கு ஆறு தடவை சாப்பிடவும்.
2. சாப்பிட்டதும் படுக்காதீர்கள். தலைப்பக்கத்தை உயர்த்தித் தூங்கவும்.
3. சீனி கூடிய தேத்தண்ணி குடித்தால் படபடப்பும் வியர்வையும் வரலாம். குறைக்கவும்.
4. இரைப்பை முழுவதையும் எடுத்தவர்கள் ஆயுள் முழுக்க பி12 ஊசி போட வேண்டும்.

வெத்தலை, பாக்கு, புகையிலை, சாராயம் எல்லாம் இந்த நோயை வரவழைப்பவை. 65 பாகைக்கு மேல் சூடான பானமும் கேடாகலாம் என 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு சொன்னது. தேத்தண்ணியைச் சற்று ஆற்றிக் குடியுங்கள்.

விழுங்கக் கஷ்டம், காரணமில்லாத மெலிவு, கறுப்பு மலம், இரத்த வாந்தி இருந்தால் உடனே டிஸ்பென்சரியில் காட்டி, பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்குங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்குக் காசில்லை. ஒரு நாள் பேர் போனால் போகட்டும். உயிர் போனால் வராது.