தரிசு என்று தள்ளிய நிலம்
நம்பிக்கைகளும் உண்மைகளும்

புளியங்குடிக்கு மேற்கே மேற்குத்தொடர்ச்சி மலை. அடிவாரத்தில் எலுமிச்சைத் தோட்டங்கள். அங்கிருந்து கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் போகப் போக முள்காடும் குளங்களும் கரிசலும். இத்தனை விதமான நிலம் கைக்கெட்டும் தூரத்தில் வாய்த்த ஊர்கள் குறைவு. ஆனாலும் இந்த நிலத்தைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருக்கும் சில செய்திகள் தவறானவை. அவற்றை நம்பி நல்ல மனதோடு செய்யும் வேலைகள்கூடக் கெடுதலில் முடிகின்றன. அப்படி ஐந்தை இங்கே பார்ப்போம்.

நம்பிக்கை 1: முள்காடும் புல்தரையும் வெறும் தரிசு. மரம் நட்டால்தான் அந்த இடம் உருப்படும்.

உண்மை: தரிசு என்பது தீர்வை வசூலித்தவர்கள் எழுதிவைத்த கணக்கு. அந்த நிலத்தில் இறங்கி நடந்தால் உடை, வெள்வேல், இலந்தை, ஆவாரை, விடத்தலை, சங்கஞ்செடி, பிரண்டை என்று மழை குறைந்த மண்ணுக்கென்றே பழகிய செடிகொடிகள் வரிசையாகத் தென்படும். கௌதாரியும் காடையும் முயலும் உடும்பும் அவற்றின் நிழலில் பிழைக்கின்றன. ஆள்காட்டிக் குருவி கூடு கட்டுவதில்லை. வெட்டவெளித் தரையில் கற்களோடு கற்களாக முட்டையிடும். குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து பூனைப்பருந்துகள் தென்மாவட்டப் புல்வெளிகளுக்கு வருகின்றன. பகலில் வெட்டுக்கிளிகளையும் சிறு உயிர்களையும் வேட்டையாடிவிட்டு, இரவில் மரத்தில் அடையாமல் புல்லுக்குள் தரையிலேயே தங்குகின்றன. அங்கே குழிதோண்டி வரிசையாக மரம் வைத்தால் அவற்றின் வீட்டை இடித்ததாக ஆகும். தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் வெளிமான்கள் இன்றும் இருப்பதற்கு ஒரு காரணம், அங்கே முள்காடு முள்காடாகவே விடப்பட்டிருப்பது.

நம்பிக்கை 2: சீமைக்கருவேலம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டுகிறது. காமராஜர் காலத்தில் கொண்டுவந்தது.

உண்மை: அது மழையை விரட்டுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆக்சிஜன் தராது என்பதும் பொய். பச்சை இலை உள்ள எந்த மரமும் தரும். காமராஜர் பிறந்தது 1903இல். தென்னமெரிக்காவையும் மெக்சிகோவையும் சேர்ந்த இந்த மரத்தை, வறண்ட பகுதிகளுக்கு விறகு வேண்டும் என்று சென்னை மாகாண வனத்துறை 1870களிலேயே வரவழைத்துவிட்டது. பெடோம் என்ற வனப் பாதுகாவலர் விதை கேட்டு எழுதியது 1876இல்.

கட்டுக்கதையை விட்டுவிட்டால் உண்மையான கேடு கண்ணுக்குத் தெரியும். அதன் வேர் ஆழமாக இறங்கி நிலத்தடி நீரை எடுக்கும். குளத்தின் உள்வாயிலும் நீர்வரத்து ஓடையிலும் அடர்ந்து நின்று நாட்டுச் செடிகளைத் தலையெடுக்க விடாது. ஆடு மாடு நெற்றைத் தின்னும். சாணத்தோடும் புழுக்கையோடும் விதை அடுத்த ஊருக்குப் போய்ச்சேரும். அடியோடு வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும் என்பதால் வேரோடுதான் பிடுங்க வேண்டும். பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டால் மண்ணில் கிடக்கும் விதை மீண்டும் முளைக்கும். அங்கே நாட்டுக்கருவேலத்தையும் உடையையும் வளர்த்து, சில ஆண்டுகள் கண்காணிப்பதுதான் முழு வேலை. அந்நியச் செடிகளை அகற்றி இயல்பான தாவரங்களை மீட்பதற்கென்றே தமிழக அரசு 2022இல் தனிக் கொள்கை வகுத்திருக்கிறது.

நம்பிக்கை 3: புற்றைப் பாம்புதான் கட்டுகிறது. நல்லபாம்பும் சாரையும் இணைசேரும். பாம்பு பழிவாங்கும்.

உண்மை: சங்கரன்கோவிலில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ளும் பக்தி அப்படியே இருக்கட்டும். புற்றைக் கட்டுவது கறையான். காற்று போய்வர வழிவைத்து, உள்ளே பூஞ்சை வளர்த்து வாழும் அந்தச் சின்ன உயிரின் உழைப்பு அது. காலியான புற்றில் பாம்பும் உடும்பும் தவளையும் குடியேறுகின்றன. பின்னிப் பிணைந்து ஆடுபவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள்; பெண்ணுக்காகப் பலம் பார்க்கின்றன. சாரையும் நல்லபாம்பும் வேறு வேறு இனம், இணைசேர்வதில்லை. ஆளை அடையாளம் வைத்துப் பழிவாங்கும் புத்தியும் பாம்புக்குக் கிடையாது.

எலியைப் பிடித்துத் தோட்டத்தைக் காக்கும் சாரையை அடிப்பது விவசாயிக்கே நட்டம். கடித்தால் ஆபத்தானவற்றில் முக்கியமானவை நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். நம் அரசு மருத்துவமனைகளில் தரப்படும் விஷமுறிவு மருந்து இந்த நான்குக்கும் வேலை செய்யும். மந்திரிப்பதிலும் கட்டுப்போடுவதிலும் நேரத்தைக் கழிப்பதுதான் உயிரைப் பறிக்கிறது.

நம்பிக்கை 4: மலையில் விதைப்பந்து வீசினால் காடு பெருகும்.

உண்மை: மலைக்காட்டுக்கு விதை போடப் பறவையும் வௌவாலும் கரடியும் மரநாயும் இருக்கின்றன. எந்த விதை எந்தச் சரிவில் பிழைக்கும் என்பது அந்த இடத்து மண்ணும் மழையும் தீர்மானிப்பது. பொதுவாகக் கிடைக்கும் ஏதோ ஒரு விதையை உருட்டி வீசினால் அது வீணாகலாம். அந்நியச் செடியாக இருந்துவிட்டால் காட்டையே பிடித்துக்கொள்ளும். அழகுக்காக வந்த உண்ணிச்செடி இந்தியக் காடுகளில் செய்திருக்கும் நாசம் போதும். காட்டுக்கு உதவ நினைப்பவர்கள் கோடையில் தீ பரவாமல் பார்க்கலாம். ஓடைகளில் பிளாஸ்டிக்கும் பாட்டிலும் சேராமல் தடுக்கலாம்.

நம்பிக்கை 5: இயற்கையைக் காப்பது வனத்துறையின் வேலை.

உண்மை: வனத்துறையின் நேரடிப் பொறுப்பு பெரும்பாலும் காப்புக்காடுகளில்தான். குளம், ஓடை, புறம்போக்கு, கோவில் காடு ஆகியவற்றை ஊர்தான் காக்க வேண்டும். அதற்குச் சட்டமும் இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, அந்த ஊரின் செடிகள், உயிரினங்கள், அவை பற்றிய மக்களின் அறிவு அனைத்தையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். திருநெல்வேலி மாவட்டம் திருப்புடைமருதூரில் கோவிலை ஒட்டிய மருதமரங்களில் கூடு கட்டும் பறவைகளை ஊர் மக்களே காத்தார்கள். 2005இல் அந்த இடம் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

புளியங்குடி நகராட்சியிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் இந்தப் பதிவேடு எங்கே, அதில் என்னென்ன எழுதப்பட்டிருக்கின்றன என்று கேளுங்கள். ஆடு மேய்ப்பவர்களுக்கும் மூலிகை அறிந்த பாட்டிகளுக்கும் தெரிந்தவை அதில் ஏற வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை ஒரு காலைப்பொழுது முள்காட்டுக்குள் கூட்டிப்போய், பத்துச் செடிக்காவது பெயர் சொல்லிக்கொடுங்கள். அடுத்த முறை அந்த இடத்தைத் தரிசு என்று சொல்லி யாராவது இயந்திரத்தோடு வந்தால், அங்கே என்ன இருக்கிறது என்று எடுத்துச்சொல்ல ஊரில் ஆள் இருக்க வேண்டும்.